டெய்லரம்மா தைத்த இறக்கை

லிஃப்ட்காரருக்குப் பறக்கிற பைத்தியம் பிடித்ததற்கு அவருடைய தொழில்தான் காரணம் என்பார் பல் டாக்டர். நாள் முழுக்கக் கட்டடங்களின் வயிற்றுக்குள், இருட்டுப் பொந்தில், ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் ஸ்பேனருமாக நிற்கிற மனிதர். அவர் புண்ணியத்தில் ஊரே மேலே போய்க் கீழே வருகிறது. அவர் மட்டும் குழிக்குள் நின்று கம்பிவடத்துக்கு மசகு தடவிக்கொண்டிருக்கிறார்.

"இப்படிப்பட்டவனுக்கு ஒண்ணு எல்லாத்தையும் விட்டுட்டு ஓடிப்போகத் தோணும், இல்லேன்னா பறக்கத் தோணும். நம்ம அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. ஓட முடியல" என்று சொல்லிவிட்டு டாக்டர் தானே முதலில் சிரிப்பார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடக்கிற நோயாளிகளிடம் பேசிப் பழகிய மனிதர். எதிராளி சிரிக்கிறானா என்று பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

லிஃப்ட்காரரின் தொழில் அவருக்கு இன்னொரு பழக்கத்தையும் கொடுத்திருந்தது. ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளும் இத்தனை பேர், இத்தனை கிலோ என்று ஒரு பித்தளைத் தகடு இருக்கும். அந்தத் தகட்டைப் பார்த்துப் பார்த்து அவர் கண்ணே தராசாகிவிட்டது. கூட்டத்தைப் பார்த்தால் அவருக்கு முகம் தெரியாது, சுமைதான் தெரியும். யாராவது கதவுக்குள் நுழைந்தால் எடை மனசுக்குள் தானாக விழும். அதில் கேலியும் கிடையாது, மரியாதையும் கிடையாது. மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது போலத்தான்.

அவர் மனைவிக்கு நேர் எதிரான தொழில். வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருந்தாள். தெருவில் எல்லாருக்கும் அவள் டெய்லரம்மா. அளவெடுக்கும்போது அவள் உதடுகளுக்கு நடுவே நாலைந்து குண்டூசி இருக்கும். நாடா மார்பைச் சுற்றும், இடுப்பைச் சுற்றும், ஒரு சத்தம் வராது. அளவைச் சாக்கட்டியால் துணி ஓரத்தில் எழுதி, எழுத்து உள்பக்கம் போகிற மாதிரி மடித்து வைத்துவிடுவாள். வந்தவளின் தங்கையே கூட நின்றாலும் அவளுக்குத் தெரியாது. வாயில் ஊசி இருப்பவளிடம் யாரும் "எவ்வளவு?" என்று கேட்க மாட்டார்கள் அல்லவா. ஊசி அதற்காகத்தான் என்பது லிஃப்ட்காரருக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த விமானம் அவருக்கும் டாக்டருக்கும் கூட்டுச் சொத்து. ஊருக்கு வெளியே புல் தரையில் ஒரு ஓடுபாதையும், அதன் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையும் இருந்தன. வார விடுமுறையில் சின்ன விமானம் ஓட்டுகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே கூடுவார்கள். இவர்கள் இருவரும் ஓட்டக் கற்றதும் அங்கேதான். கொட்டகையின் கடைக்கோடியில் யாரோ கைவிட்டுப்போன ஒரு பழைய விமானம் நின்றது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டே இருக்கை. எஞ்சின் நன்றாக இருந்தது, மரச்சட்டங்கள் நன்றாக இருந்தன. இறக்கைத் துணி மட்டும் நைந்து, ஓட்டை ஓட்டையாகி, உள்ளே எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

"எலியை இறக்கி விட்டுட்டு நாம ஏறிக்கலாம் அண்ணே" என்றார் டாக்டர்.

இறக்கைகளைக் கழற்றி ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கூடத்தில் ஆரம்பித்த இறக்கை சமையலறை வாசலைத் தாண்டிப் போய் நின்றது. தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் குனிந்து போக வேண்டும். டெய்லரம்மா தலையில் அடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். பழைய துணியை உரித்து, புதுத் துணியை ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி இறுக்குகிற வரைக்கும் அவர்களே செய்துவிட்டார்கள். அடுத்துத் தையல். காற்று மேலே இழுக்கும்போது துணி பிய்ந்து வராமல் இருக்க, உள்ளே விலா எலும்பு மாதிரி வரிசையாக இருக்கும் மரச்சட்டங்களோடு அதைச் சேர்த்துக் கட்ட வேண்டும். மெழுகு பூசிய நூல், முழநீள ஊசி. லிஃப்ட்காரர் ஒரு சாயங்காலம் முழுக்கத் தைத்தார். கடையைச் சாத்திவிட்டு உள்ளே வந்த டெய்லரம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னங்க இது, சாக்கு மூட்டை கட்டியிருக்கீங்க?"

"நல்லா இழுத்துத்தானே கட்டியிருக்கேன்?"

"இதுல ஏறியா போகப் போறீங்க? நகருங்க."

எல்லாவற்றையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். அந்தத் தையலை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. இறக்கையை நெட்டுக்குத்தாக நிறுத்தி, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார வேண்டும். அவள் ஊசியைக் குத்தி அனுப்புவாள். அவர் வாங்கி, சட்டத்தைச் சுற்றித் திருப்பி அனுப்புவார். அவள் முடிச்சுப் போடுவாள். நடுவில் வெள்ளைத் துணிச் சுவர். ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. அவள் பக்கத்து விளக்கில் அவளுடைய நிழல் மட்டும் துணியில் விழும். ஊசி முனை எங்கே வெளியே வரப்போகிறதோ அங்கே முதலில் ஒரு சின்ன மேடு எழும்பும். அவர் அதற்காக விரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

முகம் தெரியாவிட்டால் பேச்சு சுலபமாக வருகிறது. பல வருஷத்துக் குடித்தனத்தில் பேசாததையெல்லாம் அந்த மாதங்களில் இறக்கைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பேசினார்கள். சின்ன வயதில் அவளுக்கு ராட்டினத்தில் ஏற ஆசை என்பதும், அண்ணன்மார்கள் ஏறும்போது அவள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு கீழே நின்றாள் என்பதும் அவருக்கு அப்போதுதான் தெரியும்.

"முடிஞ்சதும் முதல்ல யாரை ஏத்துவீங்க?" என்று நிழல் கேட்டது.

"இது என்ன கேள்வி? உன்னைத்தான்."

"டாக்டர் சும்மா விடுவாரா?"

"அவர் பாதி விமானம்தானே. பாதி தூரம் வரட்டும்."

துணிக்கு அந்தப் பக்கம் அவள் சிரிக்க, ஊசி கோணலாக வந்தது.

விமானம் தயாராகி, சோதிக்கிறவர்கள் வந்து தட்டிப் பார்த்து, தைத்தது யார் என்று கேட்டு மெச்சிவிட்டுப் போனார்கள். லிஃப்ட்காரரும் டாக்டரும் தனித்தனியே சில வாரம் ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டெய்லரம்மா வந்தாள். கால்சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். வாழ்நாளில் அவள் அதைப் போட்டு யாரும் பார்த்ததில்லை. விமானத்தின் படி உயரம் என்று கேள்விப்பட்டு, அடர்நீலக் கெட்டித் துணியில் ஒருவருக்கும் தெரியாமல் தனக்குத் தானே தைத்திருந்தாள். கொட்டகை வாசலில் இறங்கியபோது கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையை முன்னால் பிடித்துக்கொண்டு நின்றாள். லிஃப்ட்காரர் பார்த்தார், "நல்லாருக்கே" என்று சொல்ல நினைத்தார். அதற்குள் யாரோ எஞ்சினைப் பற்றி எதையோ கேட்டார்கள்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. சின்ன விமானத்துக்கு இரண்டு பேர் கனமும் பெட்ரோல் கனமும் சேர்ந்து ஒரு அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எழும்பாது. அல்லது எழும்பி, எழும்பியிருக்க வேண்டாம் என்று நினைக்க வைக்கும். அதனால் வாசலில் மூட்டை நிறுக்கிற தராசு ஒன்று கிடந்தது. ஏறுகிறவர் யாராக இருந்தாலும் அதில் நிற்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் எடையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், ஒருவர் அதைக் கரும்பலகையில் எழுத வேண்டும். ஆண்கள் மட்டுமே புழங்கிய இடம். தொப்பையைத் தட்டிக்கொண்டு எடையைக் கூவுவது அங்கே ஒரு விளையாட்டு.

டெய்லரம்மா தராசில் ஏறினாள். லிஃப்ட்காரர் குனிந்து முள்ளைப் பார்த்தார். லிஃப்டுக்குள் தகட்டைப் படிக்கிற அதே குரலில், கொட்டகைக் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி, எடையைச் சொன்னார். சொன்ன கையோடு, "டாக்டரே, டேங்கைப் பாதியாக்கணும்!" என்றார்.

"ஏண்ணே, ஓவர்லோடு மணி அடிச்சிடுச்சா?" என்றார் டாக்டர்.

கொட்டகை சிரித்தது. லிஃப்ட்காரரும் சிரித்தார். டெய்லரம்மாவும் புன்னகை செய்தாள்.

பெட்ரோலைக் குழாய் வைத்து டப்பாவில் இறக்கினார்கள். அது சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். எல்லாரும் சுற்றி நின்று டப்பா நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டப்பா பாதி நிரம்பியபோது டெய்லரம்மா அவர் அருகில் வந்து, "காத்து ஏறுது போல இருக்குங்க. கடையில ஒரு துணி இன்னிக்கே குடுக்கணும், மறந்தே போயிட்டேன். இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றாள்.

லிஃப்ட்காரர் ஓடுபாதை ஓரத்துக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். காற்றைக் காட்டுகிற நீளத் துணிப்பை, துவைத்துப் போட்ட காலுறை மாதிரி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டு, "சரி, அடுத்த வாரம் வா" என்றார்.

அடுத்த வாரம் ஒரு கல்யாணத் துணி. அதற்கடுத்த வாரம் தலைவலி. பிறகு மழைக்காலம். அவர் கேட்பார், அவள் ஏதாவது சொல்வாள், அதில் ஒன்றும் வலி இருக்காது. "நீங்க போயிட்டு வாங்க." கொஞ்ச நாளில், இவளுக்கு உயரம் என்றால் பயம் போலிருக்கிறது என்று அவரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார். கண்டுபிடித்ததும் நிம்மதியாக இருந்தது. ஒரு மனைவிக்கு உயரம் பயம் என்றால் அதில் கணவன் செய்ய ஒன்றுமில்லை.

அதன் பிறகு அவர் யாரைத்தான் ஏற்றவில்லை? தான் லிஃப்ட் பார்க்கிற கட்டடங்களின் காவலாளிகளை ஏற்றினார். கால் முறிந்து, மாவுக்கட்டுப் பிரித்த மறுநாளே ஆசைப்பட்ட எதிர்வீட்டுக்காரரை ஏற்றினார். டாக்டரின் மாமியாரைக்கூட ஏற்றினார். அந்தம்மா மேலே போனதும் கண்ணை மூடிக்கொண்டு, இறங்கி வந்து, "நல்ல காத்து" என்றார். வீட்டுக்கு மேலாகப் போகும்போதெல்லாம் லிஃப்ட்காரர் இறக்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக் காட்டுவார். முதல் ஒன்றிரண்டு வருஷம் டெய்லரம்மா கையில் துணியோடு வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். பிறகு வரவில்லை. மெஷின் ஓடுகிற சத்தத்தில் கேட்டிருக்காது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நடுவில் ஒருநாள் அவள் அவரிடம் ஒரு சின்ன உறையைக் கொடுத்தாள். இறக்கையின் கீழே பென்சில் மாதிரி ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் புகுகிற காற்றை வைத்துத்தான் வேகம் தெரியும். குளவி அதில் கூடு கட்டிவிட்டால் ஆபத்து. அதற்குப் போட ஒரு உறை வேண்டுமென்று அவர் எப்போதோ புலம்பியிருந்தார். கெட்டியான அடர்நீலத் துணி, எடுக்க மறக்காமல் இருக்க நீளமாக ஒரு சிவப்பு நாடா. "அட, அளவெடுத்த மாதிரி இருக்கே!" என்று மெச்சி வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார், இறங்கியதும் மாட்டுவார். மெல்ல மெல்ல, மனைவியைக் கேட்பதை விட்டுவிட்டார். எப்போது விட்டார் என்பது அவருக்கே தெரியாது. நின்றுபோன கடிகாரத்தை யாரும் உடனே கவனிப்பதில்லையே.

அவருக்குத் தலை நரைத்தது. மோட்டார் அறைக்குப் போகும் கடைசி மாடிப்படிகளில் நின்று நின்று ஏற வேண்டி வந்தது. விமானம் ஓட்டுகிறவர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை உடம்பைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். இந்த முறை பரிசோதித்த டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தவர் எடுக்கவே இல்லை. பிறகு வேறு மெஷின், வேறு அறை, மறுபடி வேறு மெஷின்.

"நடக்கலாம். வேலையும் பார்க்கலாம், அலட்டிக்காம. விமானம் மட்டும் இனிமே நீங்க ஓட்டக் கூடாது" என்றார் அந்த அம்மாள்.

"லிஃப்ட்ல போகலாமா?"

"தாராளமா."

"அது போதும்மா" என்று சிரித்துவிட்டு வெளியே வந்தார். வாசலில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை.

டாக்டர் செய்தி கேட்டு, பாதி பல் பிடுங்கியவனை நாற்காலியில் விட்டுவிட்டு வந்தவர் போல ஓடி வந்தார். "அண்ணே, அதனாலென்ன? நான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல ஜம்முனு உக்காருங்க" என்றார். லிஃப்ட்காரர் தலையாட்டினார். அவருக்கு வேறு நினைவு. இத்தனை வருஷமும் அந்தப் பக்கத்து இருக்கையில் யார் யாரோ உட்கார்ந்தார்கள்.

அன்று மத்தியானம் கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. டெய்லரம்மா ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்து, டாக்டரம்மா சொன்னதைச் சொன்னார். அவள் மெஷினை நிறுத்தினாள்.

"படி ஏறும்போது நெஞ்சைத் தடவிக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

"அது போகட்டும். உன்னை ஒரு தடவைகூட ஏத்தலையே. அதுதான் மனசு கேக்கல."

"நீங்க கேக்கலையே."

"கேக்கலையா? எத்தனை தடவை கேட்டிருப்பேன்! உனக்குத்தான் உயரம்னா பயம்."

"யார் சொன்னது?"

யார் சொன்னது என்று யோசித்துப் பார்த்தால், அவரே சொல்லிக்கொண்டதுதான்.

"கடைசியா எப்போ கேட்டீங்க?" என்றாள் அவள்.

யோசித்தார். ஒரு மழைக்காலம் ஞாபகம் வந்தது. அது எந்த மழைக்காலம் என்று தெரியவில்லை.

"முதல் நாள் நீதானே காத்து ஏறுதுன்னு சொன்ன?"

"சொன்னேன். காத்து இருந்துதா?"

அசையாமல் தொங்கிய துணிப்பை அவர் கண்முன்னால் வந்தது. அதைத் தான் அன்றைக்கே பார்த்தது இப்போதுதான் உறைத்தது.

டெய்லரம்மா கோபமாகச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் ஒருத்தி மறந்துபோன அளவை ஞாபகப்படுத்துகிறவள் போலச் சொன்னாள். தராசு, கூவியது, டாக்டரின் மணி, சொட்டிய பெட்ரோல்.

"எடை எடைதாங்க. அதைப் பாக்காம ஏத்த முடியாதுன்னு எனக்குப் புரியாதா? இந்தக் கடையில எத்தனை பேருக்கு அளவெடுத்திருக்கேன். ஒருத்தி இடுப்பை வாய்விட்டுச் சொல்லியிருக்கேனா? நீங்க என் காதுல சொல்லியிருக்கலாம். டாக்டர் என்னைவிடக் கனம். அவர் ஏறும்போதும்தான் டேங்க் பாதி. அதை டப்பாவுல புடிச்சு யாரும் வேடிக்கை பாக்கல."

"அவர் வாய் அப்படித்தான்னு உனக்குத் தெரியாதா?"

"அவர் சொன்னதை நான் எங்க நினைச்சேன்? நீங்க சிரிச்சீங்க."

லிஃப்ட்காரருக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் இல்லை. எவ்வளவு துழாவியும் கிடைக்கவில்லை. கொட்டகை சிரித்தது நினைவிருந்தது, டப்பாவின் நிறம்கூட நினைவிருந்தது. தன் முகம் எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

"அந்தக் கால்சட்டை..." என்று ஆரம்பித்தார்.

"அதான் உங்க குழாய்க்கு உறை. கெட்டித் துணி, வீணாகக் கூடாதுன்னு."

அவர் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனது. பையில் ஒன்றுமில்லை.

"இத்தனை வருஷமும் இதை மனசுலயே வச்சிருந்தியா?"

அவள் சிரித்தேவிட்டாள். "அய்யோ, இல்லங்க. அந்தக் கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. டாக்டரோட மாமியார் போயிட்டு வந்து கதை சொன்னாங்களே, அன்னிக்கே போயிடுச்சு. எனக்கும் ஆசை வந்துது. நீங்க கேப்பீங்கன்னு பாத்தேன். நானே எப்படிக் கேக்கறது? வேண்டாம் வேண்டாம்னு சொன்னவ இல்லையா." நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். "போன வருஷம் கேட்டிருந்தாக்கூட வந்திருப்பேன்."

அவள் மறுபடி மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள். அவளுடைய கோபம் பெரிதாக இருந்திருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும். அது எப்போதோ தீர்ந்துபோய், கதவு திறந்தே கிடந்திருக்கிறது. அவர்தான் தட்டிப் பார்க்காமல் இத்தனை வருஷம் வாசலோடு திரும்பிப் போயிருக்கிறார். தெருவில் போனவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு.

மறுநாள் அவர் டாக்டரிடம் போய்ச் சொன்னார்.

"நானா? நானாண்ணே அப்படிச் சொன்னேன்?" டாக்டர் முகம் சுண்டிப்போனது. அவருக்கும் ஞாபகமில்லை. சொன்னவருக்கும் இல்லை, சிரித்தவருக்கும் இல்லை. அன்றே கடைக்கு வந்து, துணி அடுக்கு நடுவில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நெளிந்தார்.

"அண்ணி, என் நாக்கை அறுத்துப் போடணும்."

"அப்புறம் உங்க நோயாளிங்களுக்கு யாரு பொழுது போக்கறது? உக்காருங்க டாக்டரே. என் வாயில எத்தனை சொத்தைன்னு தெருவுல சொல்ல மாட்டீங்க இல்ல, அது போதும்."

"இந்த ஞாயிற்றுக்கிழமை நான் உங்களைக் கூட்டிட்டுப் போறேன். வரணும்."

டெய்லரம்மா கணவனைப் பார்த்தாள். இரண்டே இருக்கை. ஒன்றில் டாக்டர். மூன்று பேருக்கும் அது ஒரே சமயத்தில் புரிந்தது, அதனால் யாரும் அதைச் சொல்லவில்லை.

"போயிட்டு வா" என்றார் லிஃப்ட்காரர்.

"நீங்க இல்லாமலா?"

"நான் இருந்தப்ப நீ வரல. இப்பவாவது போ." அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, சொன்ன பிறகு குத்தலாகக் கேட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார். "டாக்டர் நல்லா ஓட்டுவார். இறக்கும்போது மட்டும் பேசாம இருக்கச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் பழைய ஆட்கள் பாதிப் பேர்தான் இருந்தார்கள். டாக்டர் முதலில் தான் தராசில் ஏறி, தன் எடையைத் தானே ஊருக்கெல்லாம் கேட்கக் கூவிக்கொண்டே இறங்கி, "இந்த மூட்டையை ஏத்தினா டேங்குக்கே இடமில்ல!" என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டார். எல்லாரும் அவர் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் டெய்லரம்மா தராசில் ஏறி இறங்கினாள். முள் எங்கே நின்றது என்பதை லிஃப்ட்காரர் மட்டும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய், இருக்க வேண்டிய அளவுக்கு முந்தைய நாளே தான் குறைத்து வைத்திருந்த பெட்ரோலைச் சரிபார்த்தார்.

படி ஏற அவர்தான் கை கொடுத்தார். இருக்கையில் அவளை உட்கார வைத்து, வாரை இழுத்து, கொக்கியை மாட்டி, இழுத்துப் பார்த்தார். எத்தனையோ பேருக்கு மாட்டிய வார். அவள் தோளுக்கு மேலே, ஒரு சாண் தூரத்தில், அவளே தைத்த துணி நீண்டு போனது. மேலே வண்ணம் பூசியிருந்ததில் தையல் வெறும் தடிப்பாகத்தான் தெரிந்தது. அவள் அதன் மேல் விரலை ஓட்டினாள்.

"கோணலா ஒண்ணு வந்துது இல்ல? எங்க அது?" என்றாள்.

"அந்தப் பக்க இறக்கை. மேல போனதும் டாக்டருக்கு அந்தாண்ட பாரு, தெரியும்."

கதவைச் சாத்தினார். எஞ்சின் பிடித்தது. புல் தலை சாய்ந்தது. விமானம் தத்தித் தத்தி ஓடி, ஒரு இடத்தில் சத்தம் மாறி, தரையை விட்டது.

லிஃப்ட்காரர் அந்த விமானம் எழும்புவதைத் தரையிலிருந்து பார்த்தது மிகக் குறைவு. பார்க்கும்போதெல்லாம் எஞ்சின் சத்தத்தைக் கேட்பார், சக்கரத்தைப் பார்ப்பார், காற்றைக் கணிப்பார். இன்று எதுவும் ஓடவில்லை. வெள்ளை இறக்கைக்குக் கீழே, கண்ணாடிக்குப் பின்னால், ஒரு தலை தெரிந்தது. அது வெளியே பார்க்கிறதா, உள்ளே பார்க்கிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை. பிறகு அதுவும் சிறுத்து, விமானம் மட்டும் இருந்து, பிறகு சத்தம் மட்டும் இருந்தது. கொட்டகைத் தகரத்தில் வெயில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. யாரோ அவருக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவர் உட்காரவில்லை.

இறங்கியதும் டாக்டர்தான் முதலில் குதித்து வந்தார். டெய்லரம்மா வாரைக் கழற்றத் தெரியாமல் உள்ளே தடவிக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் அவசரமாக டாக்டரின் முழங்கையைப் பிடித்தார்.

"மேல எப்படி இருந்தா? சிரிச்சாளா? அழுதாளா?"

டாக்டர் ஏதோ தமாஷாகச் சொல்ல வாயெடுத்தார். லிஃப்ட்காரரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவை எதிராளியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசினாரோ என்னவோ.

"தெரியலண்ணே. நான் முன்னாடிதான் பாத்துட்டிருந்தேன். ரெண்டு பேரும் பேசிக்கற ஹெட்போன் இருந்துது. ஆனா அண்ணி ஒரு வார்த்தை பேசல. மூச்சு மட்டும் கேட்டுது."

திரும்பும் பேருந்தில் அவளுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. முடி காற்றில் கலைந்திருந்தது, அவள் அதைச் சரிசெய்யவில்லை. நகரம் தொடங்கும் வரை லிஃப்ட்காரர் பொறுத்துப் பார்த்தார்.

"பயமா இருந்துதா?"

"இல்லங்க."

"நம்ம வீடு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஏதோ ஒன்றை எந்த முனையில் பிடித்துத் தூக்குவது என்று தேடுவது போல உதடு அசைந்தது. பிறகு விட்டுவிட்டாள்.

"சொல்லத் தெரியல. நீங்க பக்கத்துல இருந்திருந்தா சொல்லவே வேண்டியிருக்காது."

அவர் தலையாட்டினார். பேருந்து ஒரு பெரிய கட்டடத்தின் முன்னால் நின்றது. அதன் லிஃப்டை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள்.

"டாக்டர் அடுத்த வாரமும் வரச் சொன்னாரு" என்றாள் அவள், ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு. "போகட்டுமா?"

கேட்ட குரலில் ராட்டினத்தடியில் நின்ற சிறுமியின் ஆசை அப்படியே இருந்தது. அதை இவ்வளவு பக்கத்தில் கேட்க அவர் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைக் கடந்து வந்திருக்கிறார்.

"போ" என்றார் லிஃப்ட்காரர். "கடையை நான் பாத்துக்கறேன்."